துப்பாக்கி வாங்குவோன் கேட்க வேண்டிய வினா

முதன்முறையாகத் துப்பாக்கி வாங்க எண்ணும் ஒருவன் கேட்கும் முதல் வினா, "எது நம்பத் தக்கது?" என்பதாகும். விலையும் அழகும் பின்னர் வருவன. கருவியானது வேண்டும்பொழுது சுடவேண்டும்; வேண்டாதபொழுது சுடலாகாது; சுடுபவன் முகத்தருகே வெடித்துச் சிதறவும் கூடாது. இம்மூன்றும் பொருந்திய கருவியைத் தேடுவது அறிவுடைய செயலே. ஆயின், ஐந்து சீலங்களையும் மனமுவந்து ஏற்றுக்கொண்ட இல்லறத்தாராகிய நமக்கு இவ்வினா அவ்வளவில் முடிந்துவிடுவதில்லை. கருவி நம்பத் தக்கதாயின் அதனை வாங்கலாமா? வாங்கினவன் முதற் சீலமாகிய கொல்லாமையை எங்கே வைப்பான்? வாங்காதவன் தன் பயிரையும் தன் மக்களையும் எங்ஙனம் காப்பான்? இவற்றை நேர்மையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் ஏட்டு வினா என்று எண்ணிவிடலாகாது. நெய்யாற்றின்கரை வட்டத்துக் காஞ்சிரங்குளத்தையும் பாறசாலையையும் சுற்றியுள்ள எல்லைப்புறச் சிற்றூர்களை நோக்குக. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் பேசப்படும் நிலம் அது. தென்னையும் வாழையும் மரச்சீனியும் வீட்டைச் சுற்றியே விளைகின்றன. நெய்யாற்றின் வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் அம்பூரி முதலிய மலையடிவார ஊர்களை அடையலாம். அங்கே காட்டுப்பன்றி ஓரிரவில் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பைக் கிளறிப் போட்டுவிடும். கிழங்கை இழந்த உழவனிடம் சென்று உயிர்களிடத்து அன்பு காட்டுக என்று மட்டும் கூறி மீள்வது எளிது. அவன் வினாவுக்கு அது விடையாகாது.

முதலில் கருவியைப் பற்றிய உண்மைகளைத் தெரிந்துகொள்வோம். அறியாமையின்மேல் கட்டிய அறம் நிலைக்காது.

போர்ப்படைகள் கழித்துவிட்ட பழைய துப்பாக்கிகளைக் குடிமக்கள் கடையில் வாங்கும் வழக்கம் அமெரிக்கா முதலிய நாடுகளில் உண்டு. நம் நாட்டில் அஃது இல்லை என்றே கூறலாம். 1878ஆம் ஆண்டு ஆங்கில அரசு இயற்றிய ஆயுதச் சட்டம் இந்தியரின் கையிலிருந்த ஆயுதங்களை உரிமம் என்னும் கயிற்றால் கட்டியது. விடுதலைக்குப் பின்னர் 1959ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்று, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளின்படி .303 குழலும் 7.62 மில்லிமீட்டர் குழலும் கொண்ட ரைபிள்கள் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. படையினரின் தோட்டா குடிமகன் துப்பாக்கியில் பொருந்தலாகாது என்பதே இதன் உட்கருத்து. படைக்கிடங்கிலிருந்து தோட்டா களவு போனாலும் அதனைச் சுடுவதற்கு ஊரில் குழல் இருத்தலாகாது என்று ஆங்கிலேயர் வகுத்த ஏற்பாடு அது. ஆட்சி மாறியும் அது மாறவில்லை.

இதனால் ஒரு வியப்பு விளைந்தது. வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலை, முதலில் ஆங்கிலப் படைக்கும் பின்னர் இந்தியப் படைக்கும் லீ-என்ஃபீல்டு என்னும் .303 ரைபிளைச் செய்து வந்தது. அதே அமைப்பில், குழலை மட்டும் மாற்றி, .315 என்னும் வேட்டை ரைபிள் ஒன்றையும் குடிமக்களுக்காகச் செய்தது. இந்த .315 தோட்டாவின் பிறப்பு யாது? ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் மான்லிக்கர் ரைபிளுக்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆக்கப்பட்ட தோட்டாவே அது. அதுவும் போர்த் தோட்டாவே. ஆயின் ஆங்கிலேயருடைய போர்த் தோட்டா அன்று. அவ்வொரு காரணத்தால் இந்தியக் குடிமகனுக்கு அது தகுதியுடையதாயிற்று. கொல்லும் ஆற்றலில் இரண்டற்கும் பெரிய வேறுபாடு இல்லை. சட்டம் நோக்கியது ஆட்சியின் அச்சத்தை. சுடப்படுவோனின் துன்பத்தை அன்று. சட்டம் இடம்கொடுத்தது என்பதனாலேயே ஒன்று அறமாகிவிடாது என்பதற்கு இஃது ஒரு சிறு சான்று.

இச்சாப்பூரின் வேறொரு கதையும் உண்டு. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின்னர், 7.62 தோட்டாவைச் சுடும் வண்ணம் உறுதி மிகுந்த எஃகினால் லீ-என்ஃபீல்டு அமைப்பு திருத்தப்பட்டது. பன்னிரண்டு தோட்டாக்கள் கொள்ளும் அந்த ரைபிள் பிற்காலத்தில் கழிக்கப்பட்டுக் கப்பலேறி, அமெரிக்கக் கடைகளில் மலிவு விலைக்கு விற்கப்பட்டது. இந்தியக் குடிமகன் வாங்க இயலாத இந்தியத் துப்பாக்கியை அமெரிக்காவில் குடியேறிய தமிழன் வாங்க முடிந்தது. கடல் கடந்து வாழும் அன்பர்களுக்கும் இவ்வினா உரியதாவது இதனால்தான். நம் நாட்டிலோ .303 காவல்துறையிடம் நெடுங்காலம் இருந்தது. உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்போடுதான் அதற்கு விடைகொடுத்தது.

இனி, பழைய போர்த் துப்பாக்கி ஒன்றினை அறிந்தோர் எங்ஙனம் சோதிப்பர் என்று பார்ப்போம். முதலில் குழலின் உட்புறத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நோக்குவர். சுருள் வரிகள் கூர்மையாக நிற்கின்றனவா, துருக்குழிகள் விழுந்துள்ளனவா என்று காண்பர். பழைய தோட்டாக்களின் கொளுத்து மருந்து சுட்டபின் ஒருவகை உப்பைக் குழலில் விட்டுச் செல்லும். அது காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். நீரினால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இடாத சோம்பேறிச் சிப்பாய் ஒருவனின் குற்றம் எழுபது ஆண்டு கழித்தும் குழலில் குழியாகத் தெரியும். அடுத்து, போல்ட்டின்மேல் பொறித்த எண்ணும் உடலின்மேல் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பார்ப்பர். தோட்டாவின் அடியைத் தாங்கும் போல்ட்டின் முகத்துக்கும் குழலுக்கும் இடையேயுள்ள இடைவெளி மயிரிழை அளவில் சரியாக இருத்தல் வேண்டும். வேறொரு துப்பாக்கியின் போல்ட்டைச் செருகியிருந்தால் அவ்விடைவெளி கூடிப் பித்தளை உறை கிழியலாம். கொதிக்கும் காற்று சுடுவோன் கண்ணை நோக்கிப் பாயலாம். ஆதலின் கம்மியனைக் கொண்டு அளவுகோலிட்டுப் பார்த்தாலன்றி வாங்கார். மரக்கட்டையின் கழுத்தில் வெடிப்பு உண்டா என்பர். பயிற்சிக்கு மட்டுமே உரியது, சுடுதற்கு ஆகாது என்னும் முத்திரை உண்டா என்பர். இறுதியாக, அதற்குரிய தோட்டா எளிதில் கிடைக்குமா என்பர். தோட்டாக் கிடைக்காத ரைபிள் உலக்கையே. பொருந்தாத தோட்டாவை இட்ட ரைபிளோ வெடிகுண்டு.

இச்சோதனைகள் யாவும் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட கருவியை ஒருவன் நம்புவதற்கு முன், அதன் பழைய வாழ்க்கை முழுவதையும் விசாரிக்கின்றான். யார் கையில் இருந்தது, எப்படிப் பேணப்பட்டது, எத்தனை குறையை மறைத்து வைத்திருக்கிறது என்றெல்லாம் தேடுகின்றான். இதே அளவு விசாரணையை வாங்குவோனிடத்துச் செய்வார் உண்டோ? சினம் வந்தால் அவன் எத்தகையவன்? மது அருந்துவானா? அவன் வீட்டிலே துயரத்தால் உள்ளம் உடைந்தவர் யாரேனும் உண்டா? சிறுவர் உண்டா? வேலித் தகராறு நடந்துகொண்டிருக்கிறதா? 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியை வேண்டுகின்றன. மாவட்ட ஆட்சியர் காவல்துறையின் அறிக்கையைப் பெறுகின்றார். ஆயின் ஒருவனுடைய உள்ளத்தின் உட்புறத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும் அதிகாரி எந்த அலுவலகத்திலும் இல்லை. அதனை அவனே செய்தல் வேண்டும்.

1963ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை இங்கே நினைவு கூர்தல் தகும். அவ்வாண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் ஒருவன் பொய்ப்பெயரில் சிக்காகோ நகரக் கடையொன்றிற்கு அஞ்சலில் பணம் அனுப்பினான். இத்தாலியப் படை கழித்த கார்க்கானோ ரைபிள் ஒன்று தொலைநோக்கியோடு அவனுக்கு வந்து சேர்ந்தது. அஞ்சற் செலவு உட்பட அவன் கொடுத்தது 21 டாலர் 45 சென்ட். நவம்பர் 22ஆம் நாள் டல்லாஸ் நகரில் அந்த ரைபிளே குடியரசுத் தலைவர் கென்னடியின் உயிரைக் கவர்ந்தது. 1940இல் செய்யப்பட்டு, போரில் தோற்ற படையின் பழம்பொருளாகக் கருதப்பட்ட கருவி அது. சந்தை அதன் குழலைப் பற்றிக் கேட்டிருக்கலாம். வாங்குவோன் உள்ளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஐந்தாண்டு கழித்து, 1968ஆம் ஆண்டுச் சட்டம் அஞ்சல்வழி ரைபிள் விற்பனையை நிறுத்தியது. நம்பத்தக்க கருவி நம்பத்தகாத கைக்குப் போகும்போது அதன் நற்குணமே தீக்குணமாகிவிடுகின்றது. பழுதுபட்ட துப்பாக்கி ஒருவகையில் உலகுக்கு நன்மை செய்கின்றது. பழுதில்லாததோ தன்னை ஏந்தியவன் எண்ணத்தைப் பிழையின்றி நிறைவேற்றிவிடுகின்றது.

எண்ணம் என்னும் சொல்லுக்கு வந்துவிட்டோம். பௌத்த அறத்தின் நடுநரம்பு அதுவே. வினை என்பது சேதனையே என்பது பகவர் கொள்கை. உரையாசிரியர்கள் கொலைக்கு ஐந்து உறுப்புகள் கூறுவர்: உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிர் என அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் விளையும் இறப்பு. இவற்றுள் துப்பாக்கி எங்கே இருக்கின்றது? அது முயற்சியின் கருவி மட்டுமே. எண்ணம் இல்லாவிடத்து அது சுவரில் தொங்கும் இரும்பு. இங்ஙனமாயின் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமன்று என்று ஒருவர் வாதிடலாம். இவ்வாதம் பாதி உண்மையே. இரும்பு தானே எண்ணாது. ஆனால் கையிலுள்ள கருவி எண்ணத்தைத் தன் பக்கம் இழுக்கும். கைத்தடி ஏந்தியவன் நாயைக் கண்டால் ஓங்குகின்றான். ஏந்தாதவன் விலகிச் செல்கின்றான். நாயும் ஒன்றே, மனிதனும் ஒன்றே, தடிதான் புதிது. ஆயுதத்தைக் கையில் எடுத்தவனிடமிருந்தே அச்சம் பிறக்கின்றது என்பது பௌத்த நூல்கள் உணர்த்தும் உண்மை. அச்சத்தைப் போக்க எடுத்த ஆயுதம் அச்சத்தை ஈன்றுவிடுகின்றது.

மற்றொரு பக்கமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. இல்லறத்தார் செய்யலாகாத வாணிகங்கள் ஐந்தென வகுத்த பகவர், ஆயுத வாணிகத்தை முதலில் வைத்தார். விற்றலே அங்கே விலக்கப்பட்டது; வாங்குதல் பெயர் சொல்லி விலக்கப்படவில்லை. பிம்பிசாரனும் பசேனதியும் படையுடைய அரசர்களாகவே பகவர் திருமுன் அமர்ந்தனர். ஆகவே, ஆயுதம் வைத்திருப்பவன் பௌத்தன் அல்லன் என்று எவரும் தீர்ப்புக் கூறலாகாது. ஆயின், வாங்குவோர் இல்லாத இடத்தில் விற்போர் இல்லை என்பதையும் மறத்தலாகாது. தனக்கு விலக்கப்பட்ட தொழிலைப் பிறன் செய்து அதன் பயனைத் தான் கொள்பவன், அத்தொழிலில் தனக்குப் பங்கில்லை என்று கூற இயலாது.

துப்பாக்கி வாங்குவோர் பொதுவாகக் கூறும் காரணங்கள் மூன்று: பயிர்க்காவல், உயிர்க்காவல், மானம். ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

பயிர்க்காவலை முதலில் எடுத்துக்கொள்வோம். கேரள அமைச்சரவை 2022ஆம் ஆண்டு மே மாதம் ஒரு முடிவு செய்தது. மக்கள் வாழிடங்களில் அழிவு செய்யும் காட்டுப்பன்றியைக் கொல்ல ஆணையிடும் அதிகாரம் ஊராட்சித் தலைவர் முதலிய உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. உரிமம் பெற்ற துப்பாக்கி உடையோரைக் கொண்டு அதனைச் செய்யலாம். நஞ்சு, வெடி, மின்கம்பி ஆகியவற்றைப் பயன்படுத்தலாகாது என்பது நிபந்தனை. இந்நிபந்தனையின் தேவையை 2020ஆம் ஆண்டு மே மாதம் உலகமே கண்டது. பாலக்காட்டுப் பக்கத்தில் வெடிவைத்த காயைக் கடித்துக் கருவுற்ற யானை ஒன்று வாய் சிதைந்து, ஆற்று நீரில் நின்றவாறே இறந்தது. துப்பாக்கி இல்லாதவன் கொல்லாதவன் என்று எண்ணிவிடலாகாது. அவன் கையில் அதனினும் கொடிய வழிகள் இருக்கக்கூடும். வெடியும் கண்ணியும் இன்ன உயிரென்று பாராமல் கொல்லும். நெடுநேரம் வருத்தியும் கொல்லும். தேர்ந்த ஒருவன் குறிபார்த்துச் சுடுவது துன்பத்தைக் குறைக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும் பயிர்க்காவலுக்குப் போர் ரைபிளைத் தேடுவது பேதைமை. ரைபிளின் குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் உயிர் குடிக்கும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் சதுரக் கிலோமீட்டருக்கு 860 மக்கள் வாழ்கின்றனர். காஞ்சிரங்குளம் போன்ற ஊர்களில் ஒரு வீட்டுப் புறக்கடை மற்றொரு வீட்டு முற்றம். இருளில் பன்றியைக் குறிவைத்துத் தவறிய ரைபிள் குண்டு, வாழைத்தண்டையும் மண்சுவரையும் துளைத்துக்கொண்டு உறங்கும் குழந்தையை அடையலாம். அவ்விடங்களுக்கு, அறிந்தோர் குறுகிய தொலைவே எட்டும் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கியைத்தான் கூறுவர். அதனையும் பயின்ற கையே ஏந்தல் வேண்டும் என்பர். வலிமை மிகுந்தது எதுவோ அதுவே நம்பத் தக்கது என்னும் மயக்கம் முதன்முறை வாங்குவோனைப் பற்றிக்கொள்ளும் முதல் மயக்கம். தேவைக்கு மிஞ்சிய வலிமை, பயன் குன்றிய பேராபத்து.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். ஊராட்சி ஒன்றில் துப்பாக்கி தேவைதான் எனினும், ஒவ்வொரு வீட்டிலும் தேவையா? பயின்றவர் இருவர் மூவர் ஊர் முழுவதற்கும் போதுமே. வேலியும் அகழும் காவலும் இழப்பீட்டுக்கான விண்ணப்பமும் முயன்று பார்க்கப்பட்டனவா? காட்டோரத்தில் எறியும் கழிவுணவு பன்றியை ஊருக்கு அழைக்கின்றதே, அது நிறுத்தப்பட்டதா? அண்ணல் அம்பேத்கர், 1957இல் வெளிவந்த தம் பௌத்த நூலில், கொல்ல வேண்டிய தேவைக்கும் கொல்லும் விருப்பத்துக்கும் வேறுபாடு காட்டினார். அகிம்சையை உயிரற்ற விதியாகக் கொள்ளாது, அறிவோடு கைக்கொள்ளும் கொள்கையாகக் கொள்ளச் சொன்னார். இதனைச் சிலர் கொலைக்கு வாயில் திறந்ததாகக் கருதுவர். அது பிழை. விதி ஒன்றைப் பின்பற்றுவோன் ஒருமுறை எண்ணினாற் போதும்; கொள்கையைப் பின்பற்றுவோனோ ஒவ்வொரு முறையும் எண்ணவேண்டும். தேவை உண்மையில் தேவைதானா என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்யவேண்டும். பிற வழிகளை முயலாதவன் தேவை என்னும் சொல்லைக் கூறத் தகுதியற்றவன்.

அசோகர் வாழ்வு இங்கே நமக்கு ஒளி தரும். அவர் தம் முதற் பாறைச் சாசனத்தில், அரண்மனை மடைப்பள்ளியில் முன்பு நாள்தோறும் எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், இப்பொழுது இரண்டு மயிலும் ஒரு மானும் மட்டுமே கொல்லப்படுகின்றன என்றும், இனி அவையும் கொல்லப்படா என்றும் அறிவித்தார். குறையை மறைக்காமல், எண்ணிக் கூறி, படிப்படியாகக் குறைத்தமையே அப்பேரரசரின் சிறப்பு. கலிங்கத்துக்குப் பின்னும் அவர் படையைக் கலைத்துவிட்டதாகச் சாசனம் எதுவும் கூறவில்லை. ஆயினும் வெற்றி என்பதற்கு அவர் கொண்ட பொருள் மாறிவிட்டது. நாமும் இன்று செய்யும் தீங்கை நாளை குறைப்போம் என்று எண்ணிக் காட்ட வல்லோமாயின், அது பொய்ச் சீலத்தினும் மேலானது.

இனி இரண்டாவது காரணமாகிய உயிர்க்காவல். நம் வாசகர்க்கு இது நெஞ்சைத் தொடும் பகுதி. ஆயுதம் ஏந்தும் உரிமை சாதியால் மறுக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் நம்மிற் பலர். கும்பலாக வந்து குடிசையைக் கொளுத்துவோர் முன் வெறுங்கையோடு நின்ற தலைமுறைகளின் நினைவு நம் குருதியில் உள்ளது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1995இல் வகுக்கப்பட்ட விதிகள் இதனை உணர்ந்தே எழுதப்பட்டன. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதாரின் துப்பாக்கி உரிமங்களை அரசு நீக்கலாம். பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிமம் வழங்கலாம் என்று மூன்றாம் விதி கூறுகின்றது. பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியினரும் 1990 முதல் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளனர். ஆகவே, ஒடுக்கப்பட்டவன் தற்காப்புக்குத் துப்பாக்கி கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது அன்று. அவனை நோக்கி, "நீ பௌத்தன், கொல்லாமையைக் கடைப்பிடி" என்று கூறுவோர், கொளுத்த வருவோரை நோக்கியும் அதே குரலில் பேசுகின்றனரா என்று முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும். வலியோனிடம் வாய்மூடி, எளியோனிடம் மட்டும் பேசும் அகிம்சை அகிம்சையன்று. அஃது அடிமைத்தனத்துக்குப் பூசிய சந்தனம்.

இவ்வளவும் கூறியபின் ஒன்றைக் கருதுக. அவ்விதியில் இரண்டு கைகள் உள்ளன: ஒன்று உரிமம் நீக்கும் கை, மற்றொன்று உரிமம் வழங்கும் கை. நாம் எந்தக் கையை முதலில் பற்றவேண்டும்? கொடுமை செய்வோன் துப்பாக்கியை நீக்கச் செய்தால் இருவர் வீட்டிலும் துப்பாக்கி இல்லை. நமக்கு ஒன்று பெற்றால் இருவர் வீட்டிலும் துப்பாக்கி உண்டு. அவனுக்குப் பணமும் உறவும் மிகுதி, தோட்டாவும் மிகுதி. எண்ணிக்கையில் குறைந்தவனும் பொருளில் எளியவனும் ஆயுதப் போட்டியில் வென்றதாக வரலாறு அரிதாகவே கூறும். மேலும், வீட்டிலுள்ள துப்பாக்கி பகைவனைக் காண்பதற்கு முன் வீட்டாரைக் காண்கின்றது. மனமுடைந்த மகனுக்கும், விளையாடும் பேரனுக்கும், குடித்துவிட்டு வரும் உறவினனுக்கும் அஃது அருகிலேயே இருக்கின்றது.

துப்பாக்கியின் இயல்பை நெய்யாற்றின்கரை மண் நன்கறியும். 1938 ஆகஸ்ட் 31ஆம் நாள், பொறுப்பாட்சி வேண்டித் திரண்ட மக்கள்மீது திருவிதாங்கூர் அரசு அங்கே துப்பாக்கிச் சூடு நடத்தியது. வீரராகவன் முதலானோர் உயிர் நீத்தனர். அது மன்னராட்சி. பதினாறு ஆண்டு கழித்து மக்களாட்சி வந்தபின், 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள், தமிழகத்தோடு இணைய வேண்டிப் போராடிய தமிழர்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் சுட்டனர். அங்கும் உயிர்கள் மாய்ந்தன. அப்பொழுது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோசலிஸ்டு அமைச்சரவை. அக்கட்சியின் பொதுச்செயலாளராகிய இராம் மனோகர் லோகியா சிறையில் இருந்தவாறே தம் கட்சி அமைச்சரவையைப் பதவி விலகுமாறு கோரினார். அமைச்சரவை விலகவில்லை, கட்சி பிளவுற்றது. சுட்டது நம்மவராயினும் சுட்டது சுட்டதே என்று கூறும் நெஞ்சுரம் அன்று ஒருவரிடம் இருந்தது. துப்பாக்கியின் மறுமுனையில் நின்றவர்களின் மக்கள் நாம். நம் கைக்கு அது வரும்போது அந்த மறுமுனை நம் நினைவிலிருந்து அகலுமாயின், நாம் பெற்றது உரிமையன்று. நம்மை ஒடுக்கினோரின் பழக்கத்தையே பெற்றோம்.

மூன்றாவது காரணம் மானம். சுவரில் தொங்கும் ரைபிள் ஒரு குடும்பத்தின் மதிப்பைக் காட்டும் என்னும் எண்ணம் நாட்டின் பல பகுதிகளில் உண்டு. திருமணத்தில் வானை நோக்கிச் சுடுவோரும் உளர். 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆயுதம் மறுக்கப்பட்டவர் ஆயுதத்தை மானமாகக் கருதுவது இயல்பே. போர்க்குடி அல்லர் என்று படையிலிருந்து ஒதுக்கப்பட்ட மகர் மக்களுக்கென 1941இல் தனிப் படைப்பிரிவு அமைய அம்பேத்கர் பாடுபட்டார். அஃது அவமதிப்பை நீக்கிய செயல். ஒரு கதவைத் திறந்த செயல். ஆனால் அதே பெருமகன் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தம் மக்களைத் திரட்டியபோது, அவர்கள் கையில் தந்தது இருபத்திரண்டு உறுதிமொழிகளும் ஐந்து சீலங்களும் ஆகும். இரண்டும் ஒருவர் செயலே. ஆயுதம் ஏந்தத் தகுதியற்றவன் என்னும் இழிவைத் துடைத்தபின், ஆயுதம் இன்றியும் தலைநிமிரக் கற்பித்தார். ஏந்த இயலாமையால் ஏந்தாதவன் வேறு. ஏந்தும் உரிமை பெற்றும் ஏந்தாதவன் வேறு. முன்னவன் நிலை வறுமை. பின்னவன் நிலை சீலம்.

ஆகவே, முதன்முறையாகத் துப்பாக்கி வாங்க எண்ணும் அன்பர்க்கு நாம் கூறுவது தடையுத்தரவு அன்று, ஒரு வரிசைமுறை. முதலில் தேவையை எழுதிப் பார்க்க; அச்சத்தைத் தேவை என்று எழுதாதீர். அடுத்து, உயிர் கொல்லாத வழிகளை எல்லாம் முயல்க. முயன்றமைக்குச் சான்று வைத்துக்கொள்க. பிறகு வீட்டாரோடு, சிறப்பாக மனைவியோடும் தாயோடும், கலந்து பேசுக. துப்பாக்கி வந்தபின் துன்பம் விளைந்தால் அதனைச் சுமப்போர் அவர்களே. ஊரில் பயின்றவர் ஒருவர் இருப்பின் இரண்டாவது துப்பாக்கி வேண்டாம். இவ்வளவுக்குப் பின்னும் தேவை நிற்குமாயின், சட்டத்தின் வழியே உரிமம் பெறுக. கள்ளத் துப்பாக்கியைத் தொடாதீர். இடத்துக்கு ஏற்ற குறுந்தொலைவுக் கருவியைத் தேர்க. குழலும் போல்ட்டும் கட்டையும் கம்மியனால் சோதிக்கப்படட்டும். பயிற்சி பெறுக. தோட்டாவை ஒரு பூட்டிலும் துப்பாக்கியை வேறொரு பூட்டிலும் வைக்க. மதுவை ஒழித்த வீட்டிலன்றி அது புகலாகாது. தேவை தீர்ந்த நாளில் உரிய முறைப்படி ஒப்படைத்துவிடுக. மகனுக்குச் சொத்தாக வைத்துச் செல்லாதீர்.

ஒரு நாள் பன்றியை நோக்கிச் சுட நேர்ந்தாலோ? அதனைப் புண்ணியம் என்று கூறாதீர். பழக்கத்தால் கை இலகுவாகி, இரண்டாவது முறை எளிதாகவும், மூன்றாவது முறை இன்பமாகவும் ஆகிவிடுவதே கொலையின் வழி. முதல் முறையில் உற்ற நடுக்கம் இறுதி முறை வரை நிற்குமாயின் அவ்வுழவன் இன்னும் சீலத்தின் எல்லைக்கு அருகில் நிற்கின்றான். நடுக்கம் போன நாளில், குழல் எவ்வளவு ஒளியுடையதாயினும், எண்கள் எவ்வளவு ஒத்தவையாயினும், அத்துப்பாக்கி நம்பத் தக்கது அன்று என்று அறிக. அன்றே அதனைக் கொண்டுபோய்க் காவல்நிலையத்தில் ஒப்படைக்க.